பங்குனித் திருவிழாவுக்கு வந்த ரோலர் கோஸ்டர்: ஏறியவர்கள் எழுதுங்கள்

வடக்குவீதி:
மன்னார்குடிக்காரர்களுக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே வருஷம் வந்தது, அதோடு சரி. வெண்ணெய்த்தாழி அன்று சாயங்காலம் நானும் தங்கையும் முன்பெட்டியில் இருந்தோம். ஏற்றத்தில் பாதி போனதும் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அதுவரை காதை அடைத்த 'டக் டக்' சத்தம் ஓய்ந்து, கீழே பொரிகடலை விற்பவர் கூவுவது தெளிவாகக் கேட்டது. பெட்டி ஒரு சாண் பின்னால் நழுவி, 'டங்'கென்று எதிலோ மாட்டி நின்றது. அந்த ஒரு சாண் நழுவல்தான் இன்றுவரை என்னை விடவில்லை. தங்கை அழவில்லை, என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஆபரேட்டர் பையன் தண்டவாளத்தின் ஓரமாகவே ஏறி வந்து ஒவ்வொருவராக இறக்கினான். மீசைகூட முளைக்காத பையன். அவனை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

பாமணிக்கரை:
நானும் ஏறினேன். வளைவில் இடுப்புக் கம்பி லொடலொடவென்று ஆடியது, அவ்வளவுதான். ஆனால் 'எதிலோ மாட்டி' என்றால் எப்படி? பெட்டிக்கு அடியில் கொக்கி உண்டு, ஏற்றம் முழுக்கப் பல் வரிசை உண்டு. கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் சத்தம்தான் அந்த 'டக் டக்'. மோட்டார் நின்றாலும் சங்கிலி அறுந்தாலும் பெட்டி கடைசிப் பல்லில் உட்கார்ந்துவிடும். உங்களைக் காப்பாற்றியதே அதுதான். பயப்பட வேண்டியது தரையைப் பார்த்து. தாளடி அறுத்த வயலில் நிறுத்தியிருந்தார்கள். நம்ம களிமண் காய்ந்தால் வெடிக்கும், ஒரு கோடைமழைக்குக் குழையும். கால்களுக்கு அடியில் கொடுத்த மரக்கட்டை ஒரு பக்கம் இறங்கினால் தண்டவாளமே கோணிவிடும். இனி எந்தத் திருவிழாவானாலும் ஏறுமுன் கட்டை புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். காலையில் காலிப் பெட்டியை ஒரு சுற்று விட்டார்களா என்று கேளுங்கள். குழந்தைக்குக் கம்பி தொடையில் படியாவிட்டால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

கீழப்பாலம்:
அண்ணே, அந்த வருஷம் கோடைமழையே கிடையாது. மண்ணின் மேல் பழி போடாதீர்கள். ரோலர் கோஸ்டரின் அமைப்பிலேயே கோளாறு இருக்கலாம். அமெரிக்காவில் ஓஹியோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1981-ல் 'தி பேட்' என்று ஒன்று திறந்தார்கள். தண்டவாளத்துக்குக் கீழே பெட்டி தொங்கிக்கொண்டு ஓடும். வளைவுகளில் தண்டவாளத்தைச் சாய்த்துப் போடவில்லை. பெட்டி வீசி ஆடிய வேகமெல்லாம் இரும்புச் சட்டத்திலும் அதிர்வுதாங்கிகளிலும் இறங்கியது. அடிக்கடி பழுது, அடிக்கடி நிறுத்தம். 1983-ஓடு மூடிவிட்டார்கள். அவ்வளவு பணம் போட்டவர்களுக்கே அந்தக் கதி!

நம்ம ஊரில் அதைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். வரிசை மாறாமல் அடுக்க வேண்டும் என்று மேஸ்திரி தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். லாரி மேல் லாரியாகப் போனது. கொலம்பஸ் கப்பலை ஏற்றிய ஆட்கள் எப்போதோ சாப்பிடப் போய்விட்டார்கள். 'ஏத்தி இறக்குற கூலியே டிக்கெட் காசை முழுங்கிடுது தம்பி' என்றார் மேஸ்திரி. அடுத்த பங்குனிக்குக் கொலம்பஸ் மட்டும்தான் வந்தது.