புதுப்பிப்பு: சிந்தசைசர் இரைச்சல் போய்விட்டது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹார்டுவேர் சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் இசைக்கருவி) லேப்டாப்பில் இணைத்தால் கீச்சென்று இரைகிறது, மவுஸை நகர்த்தினால் அதுவும் கூடவே ஏறி இறங்குகிறது, விற்றுவிட்டு சாஃப்ட்வேருக்கே போய்விடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் ஆடியோ கேபிளை மாற்றினேன். காசுதான் போச்சு. சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நின்றது. ஆனால் என் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

கைகொடுத்தது, "யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு 5 பின் மிடி கேபிள் போடுங்கள்" என்ற யோசனை. (மிடி என்பது எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பது போன்ற தகவலை அனுப்பும் முறை, ஒலியை அல்ல.) யூஎஸ்பியும் ஆடியோ வயரும் சேர்ந்து கிரவுண்ட் லூப் ஆகியிருக்கிறது, அதாவது இரண்டு வயர்களின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி இரைச்சலை உள்ளே விட்டிருக்கிறது. 5 பின் மிடியின் உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் இருப்பதால் சிக்னல் ஒளியாகத்தான் தாண்டுகிறது, நேரடி மின்தொடர்பு கிடையாது. மாட்டியதும் அமைதி.

எதிர்பாராத ஒன்று: ஹெட்போனில் சிந்தின் ஒலி விரலுக்குப் பின்னால் வந்தது. பஃபர் (லேப்டாப் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து வைத்துக் கையாள்கிறது என்ற அளவு) 512 சாம்பிள். 44,100 ஹெர்ட்ஸில் அது மட்டுமே சுமார் 11.6 மில்லிசெகண்ட். 128 ஆக்கினேன், 2.9 ஆனது. சரி, முடிந்தது என்று பார்த்தால் சாஃப்ட்வேர் சிந்துகள் கணக்கிட நேரம் போதாமல் படபடவென வெடிச்சத்தம் போட ஆரம்பித்தன! இப்போது ரெக்கார்டிங்குக்கு 128, மிக்ஸிங்குக்கு 512.

சிந்தை விற்கவில்லை.