வீட்டு மில்லிங் மெஷினுக்கு வைஸ்: எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டில் கார் நிறுத்த வேண்டிய இடத்தில் எக்ஸ்3 என்ற சின்ன ரக மில்லிங் மெஷின் (சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்குவது) நிற்கிறது. டேபிள் 550 மி.மீ. நீளம், 160 மி.மீ. அகலம். அதில் வேலைப்பொருளைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்கப் போனபோது கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 6 அங்குலத் தாடை அகலம் உள்ளது. "பெரிதாக வாங்கிப்போடுங்கள் சார், காலத்துக்கும் உழைக்கும்" என்றார். காலத்துக்கும் உழைக்கும்தான், ஆனால் அது 30 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி வைக்க வேண்டியவன் நான். போதாததற்கு டேபிளின் முன்னும் பின்னும் துருத்திக்கொண்டு நிற்கும். 4 அங்குலமே போதும் என்று முடிவு செய்தேன்.

சுழலும் அடித்தட்டு இலவசம் என்றார்கள். வாங்கிய அன்றே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். சின்ன மெஷினில் வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் நடுவே இருக்கும் உயரமே கொஞ்சம். டிரில் சக்கும் நீளமான டிரில்லும் மாட்டினால் பாதி போய்விடும். மிச்சத்தையும் அடித்தட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிடிமானத்தையும் குறைத்துக்கொள்வானேன்?

கடைக்கு, நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பேன். ஒரு கட்டையைத் தாடைகளுக்கு நடுவே வைத்து, நகரும் தாடையின் தலையில் ஊசியைப் பதித்து, கைப்பிடியை இறுக்கிப் பாருங்கள். டிரில்லிங் மெஷினுக்கான சாதா வைஸில் முள் 0.15 மி.மீ. ஏறியது. திருகு தாடையின் அடிப்பகுதியைத் தள்ளுகிறது, கட்டை அதன் மேல்பகுதியில் எதிர்த்து நிற்கிறது. ஆகவே தாடைக்கு எவ்வளவு ஆட்டம் இருக்கிறதோ அவ்வளவு சாய்ந்து எழும்பும், ஜாப்பையும் (பிடித்திருக்கும் வேலைப்பொருளை) சேர்த்துத் தூக்கும். அமெரிக்காவின் கர்ட் நிறுவனம் புகழ்பெறச் செய்த கோணப்பூட்டு அமைப்பில், சரிவான முகமும் அரைக்கோளத் துண்டும் தாடையை முன்னே இழுக்கும்போதே கீழேயும் அழுத்துகின்றன. அதே வடிவத்தைப் பலர் செய்கிறார்கள். அப்படி ஒன்றில் முள் 0.02க்கு மேல் போகவில்லை. அதையே வாங்கினேன். பெயிண்ட் சுமார்தான், கைப்பிடியும் சுமார்தான்.

அம்பத்தூரிலிருந்து:

தம்பி, சரியாகச் சொன்னீர்கள். டூல் ரூமில் (தொழிற்சாலையில் கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவில்) காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எந்த வைஸானாலும் நம்ப வேண்டியது நகராத நிலைத் தாடையை மட்டும்தான். வாங்கும்போது மூலைமட்டம் வைத்து அது அடிப்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பார்த்துவிடுங்கள்.

கரடுமுரடான வார்ப்பைச் சதுரமாக்கும்போது, முதலில் செதுக்கிய முகத்தை நிலைத் தாடையில் சாய்த்து, நகரும் தாடைக்கும் ஜாப்புக்கும் நடுவே ஒரு பித்தளைக் கம்பியைக் கிடையாக வையுங்கள். எதிர்ப்புறம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் கம்பி ஒரே கோட்டில் அழுத்தும், நல்ல முகம் நிலைத் தாடையோடு ஒட்டிக்கொள்ளும்.

இறுக்கிய பிறகு நைலான் சுத்தியலால் ஜாப்பைத் தட்டி, அடியிலிருக்கும் பாரலல்களை (ஜாப்பை உயர்த்தி வைக்கும் ஒரே உயரப் பட்டைகளை) விரலால் இழுத்துப் பாருங்கள். ஒன்று அசைந்தாலும் ஜாப் உட்காரவில்லை என்று பொருள். தட்டி முடித்தபின் "இன்னும் கொஞ்சம்" என்று மறுபடி இறுக்காதீர்கள், திரும்பவும் எழும்பும். கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்கும் ஆட்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

திருச்சியிலிருந்து:

என்னுடையது அதைவிடச் சிறிய எக்ஸ்2. டேபிள் அகலம் 92 மி.மீ.தான், 4 அங்குலமே அதற்குப் பாரம். நீளத் திருகு இல்லாத டூல்மேக்கர் வைஸ் வாங்கினேன். அடியிலுள்ள போல்ட் தாடையைச் சாய்வாகக் கீழ்நோக்கி இழுப்பதால் எழும்பும் தொல்லை இல்லை. எல்லாப் பக்கமும் கிரைண்டிங் செய்திருப்பதால் பக்கவாட்டில் படுக்கவைத்தும் வேலை செய்யலாம்.

எரிச்சலும் உண்டு. அளவு மாறும் ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தளர்த்தி, குறுக்குப் பின்னை அடுத்த பள்ளத்துக்கு மாற்ற வேண்டும். நாள் முழுக்க விதவிதமான அளவில் வேலை செய்பவர் இதை வாங்கினால் சபித்துக்கொண்டே இருப்பார். நான் செய்வது சின்ன நீராவி எஞ்சின் மாதிரிகள், எனக்குப் பழகிவிட்டது. போல்ட் போடக் காதுகளும் கிடையாது. பக்கவாட்டுப் பள்ளத்தில் கிளாம்ப் போட்டுத்தான் டேபிளில் பிடிக்க வேண்டும்.

கோயம்புத்தூர் நண்பருக்கு ஒரு கேள்வி: எஸ்.ஜி. அயர்ன் (சாதா வார்ப்பிரும்பைவிட வலுவான வார்ப்பிரும்பு வகை) என்று சொல்லி வைஸ் விற்கிறார்களே, அதை எப்படி நம்புவது?

கோயம்புத்தூரிலிருந்து:

இந்த ஊரில் ஃபவுண்டரிக்கா பஞ்சம்? அங்கே செய்வதைத்தான் நானும் செய்தேன். வைஸைத் தனியாக மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினால், எஸ்.ஜி. அயர்ன் எஃகு போலக் கணீரென்று நீண்டு ஒலிக்கும். சாதா வார்ப்பிரும்பு மந்தமாக நின்றுவிடும். முழு நிச்சயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஏமாற்று வேலை பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

அம்பத்தூர் ஐயா சொன்ன நிலைத் தாடையை டேபிளின் ஓட்டத்தோடு நேராக்க, ஒரு பக்க போல்ட்டை ஓரளவு இறுக்கி, மறுபக்கத்தைத் தட்டித் தட்டிக் கொண்டுவருகிறேன். 100 மி.மீ. நீளத்துக்கு முள் 0.01க்குள் நின்றால் விட்டுவிடுவேன்.

வாங்கும் முன் இன்னொன்றும் பாருங்கள்: தாடைத் தட்டுகளைக் கழற்றி, போல்ட் துளைகள் இரண்டு தாடைகளிலும் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, சாதாரண மெட்ரிக் போல்ட்தானா என்று. அப்போதுதான் பின்னால் அலுமினியத்தில் மென்தாடைகள் (ஜாப்பில் தழும்பு விழாத மென்மையான தாடைத் தட்டுகள்) நாமே செய்து மாட்ட முடியும்.