டார்க் தீமில் எந்த டேபில் இருக்கிறோம் என்று பளிச்செனத் தெரிய என்ன வழி?

பின்னிரவு:
விண்டோஸ் 11, ஃபயர்ஃபாக்ஸ், அதனுடன் வரும் டார்க் தீம். இருபது முப்பது டேப் சேர்ந்துவிட்டால் இப்போது எதில் இருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கிறது. எழுத்து நன்றாகவே தெரிகிறது, டேபின் விளிம்புதான் கரைந்துபோகிறது. பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் இன்னும் மோசம். டார்க்கை விடாமல் சரிசெய்ய முடியுமா?

ஒளிமானி:
முடியும். எழுத்து தெரிந்து விளிம்பு தெரியாமல் போவதற்குக் கணக்கே இருக்கிறது. 2021-இல் 89-ஆம் பதிப்போடு வந்த புரோட்டான் வடிவமைப்பு, டேப்களுக்கு நடுவே இருந்த கோடுகளை எடுத்துவிட்டது. அதன் டார்க் தீமில் டேப் பட்டையின் நிறம் 28, 27, 34 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை). திறந்திருக்கும் டேபின் நிறம் 66, 65, 77. இரண்டுக்குமான ஒளி மாறுபாடு 1.7:1-தான். வெள்ளை எழுத்துக்கும் பட்டைக்குமோ 16:1-க்கு மேல். இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, எழுத்துக்கு 4.5:1-உம் இடைமுக உறுப்புகளுக்கு 3:1-உம் கேட்கிறது.

ஜன்னல் வெளிச்சம் இரண்டு நிறங்களின் மேலும் ஒரே அளவு ஒளியைக் கூட்டுகிறது. ஏற்கெனவே இருட்டான இரண்டும் அதனால் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன.

முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று அடித்து (ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புப் பக்கம்) 'லெகசியூசர்' என்று தேடுங்கள். 'ஸ்டைல்ஷீட்ஸ்' என்று முடியும் வரியை 'ட்ரூ' ஆக்குங்கள். அடுத்து அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே 'குரோம்' என்று சிறிய எழுத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'யூசர்குரோம்.சிஎஸ்எஸ்' கோப்பு உருவாக்குங்கள். (கூகுள் குரோமுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) அந்தக் கோப்பில், திறந்திருக்கும் டேபின் 'டேப்-பேக்ரவுண்ட்' கிளாஸுக்குப் பின்னணி நிறம் #707070 (ஒரு சாம்பல் நிறத்தின் குறியீடு) கொடுத்து, கடைசியில் ஆச்சரியக்குறியோடு 'இம்பார்ட்டன்ட்' சேருங்கள். அது இல்லாவிட்டால் தீமின் நிறமே ஜெயிக்கும்.

ஏன் அந்தச் சாம்பல்? #676767-க்குக் கீழே போனால் பட்டையோடு 3:1 கிடைக்காது. #747474-க்கு மேலே போனால் டேபின் வெள்ளை எழுத்து 4.5:1-க்குக் கீழே இறங்கிவிடும். இடைவெளி அவ்வளவு குறுகல். அதனால் டேபின் மேல்விளிம்பில் 2 பிக்சல் அளவுக்கு மஞ்சள் கோடு போடுவதையே நான் சிபாரிசு செய்வேன். பின்னணியைத் தொடவே வேண்டாம், எழுத்தும் கெடாது.

வடகரை:
கோப்பு எழுதப் பிடிக்காதவர்களுக்கு: தீமை 'லைட்' ஆக்குங்கள். பிறகு செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் 'வெப்சைட் அப்பியரன்ஸ்' இருக்கும், அதை 'டார்க்' ஆக்குங்கள். பட்டை மட்டும் வெளுக்கும். டார்க் வசதி உள்ள தளங்கள் இருட்டாகவே வரும்; அந்த வசதியே இல்லாத தளங்களை இது மாற்றாது.

டேப் அதிகமானால் அகலமும் ஒரு பிரச்சினை. அபவுட்:கான்ஃபிக்கில் 'டேப்மின்விட்த்' 76 என்று இருக்கும். 120 ஆக்கினால் தலைப்பில் இரண்டு சொல்லாவது தெரியும். 136-ஆம் பதிப்பு முதல் செங்குத்து டேப்களும் உண்டு. முப்பது டேப் வைப்பவருக்கு அதுதான் நல்லது.

பின்னிரவு:
ஒளிமானி ஐயா, மஞ்சள் கோடு எழுதிவிட்டேன், எந்த மாற்றமும் இல்லை. வடகரை சொன்னதையும் பார்த்தேன், பிரைவேட் ஜன்னல் மட்டும் இருட்டாகவே நிற்கிறது.

ஒளிமானி:
விண்டோஸில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோப்பின் பெயர். எக்ஸ்ப்ளோரர் வால்பெயரை (கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதை) மறைப்பதால் நோட்பேடில் சேமித்த கோப்பு 'சிஎஸ்எஸ்.டிஎக்ஸ்டி' ஆகியிருக்கும். 'வியூ' மெனுவில் வால்பெயரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். லினக்ஸ் என்றால் பெயரின் நடுவிலுள்ள 'சி' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். இந்தக் கோப்பு தொடங்கும்போது மட்டுமே படிக்கப்படுகிறது, ஆகவே எல்லா ஜன்னல்களையும் மூடித் திறக்க வேண்டும். பழைய குறிப்புகளிலிருந்து எடுத்திருந்தால், 'செலக்டட்' பண்புக்கு 'ட்ரூ' என்று மதிப்பு எழுதியிருக்கும். அந்த மதிப்பை நீக்கி, சதுர அடைப்புக்குள் 'செலக்டட்' மட்டும் வையுங்கள்.

வடகரை:
பிரைவேட் ஜன்னலுக்கு: அபவுட்:கான்ஃபிக்கில் 'டார்க்-பிரைவேட்-விண்டோஸ்' என்று முடியும் வரியை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.