பவள நடவு வேறு, பவள இடப்பெயர்ப்பு வேறு

வணக்கம் ஐயா,

coral transplantation என்பதற்குத் தமிழில் 'பவள மாற்று நடவு' என்று நீங்கள் சொன்னதில் 'நடவு' எனக்கு முழுச் சம்மதம், 'மாற்று'தான் இடிக்கிறது. இதய மாற்று என்பதுபோல, பழுதான ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்துவதாகத்தான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் சேர்ந்து கிடக்கின்றன. துறைமுகம் கட்டவோ தூர்வாரவோ போகும் இடத்திலுள்ள பவளங்களை அடியோடு பெயர்த்து வேறிடத்தில் வைப்பது ஒன்று. உயிருள்ள பவளத்திலிருந்து சிறு துண்டுகளை ஒடித்து, கடலுக்குள்ளேயே நாற்றங்கால் அமைத்து வளர்த்து, பிறகு சிதைந்த பவளத்திட்டில் கொண்டுபோய் வைப்பது இன்னொன்று. முதலாவதில் பவளம் கூடுவதில்லை, இருப்பதில் கொஞ்சம் தப்புகிறது, அவ்வளவுதான். இரண்டாவதில்தான் பெருக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் 'நடவு' என்றே எழுதினால், திட்டை அழித்தவர்களும் பவளம் நட்டோம் என்று கணக்குக் காட்ட நாமே வழி செய்துகொடுத்ததாகிவிடும். அதனால் முதலாவது பவள இடப்பெயர்ப்பு, இரண்டாவது பவள நடவு.

பவளம் விலங்காயிற்றே, பயிர்த்தொழில் சொல் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். 1990களில் இந்த நாற்றங்கால் முறையை முன்வைத்த இஸ்ரேலியக் கடல் உயிரியலாளர் பாரூக் ரிங்கெவிச்சே இதைப் பவளத் தோட்டக்கலை என்றுதான் அழைத்தார். புயலில் முறிந்த கிளை தோதான இடத்தில் தங்கினால் தானாகவே புதுக் கூட்டமாக, அதாவது சிற்றுயிர்கள் பல ஒட்டி வாழும் தொகுதியாக, வளரும் உயிர் இது. நடவும் நாற்றங்காலும் தாராளமாக வரலாம். 'வேர்பிடித்தல்' மட்டும் வேண்டாம், ஏனென்றால் வேரே கிடையாது. துண்டைச் சிமெண்டிலோ எபாக்சிப் பசையிலோ ஒட்டுகிறார்கள், அல்லது பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். நாளாக ஆக உயிர்த்தசை அடியில் வழிந்து பரவி, சுண்ணாம்பைப் படியவைத்துக்கொண்டே போய், கட்டிய பட்டையையும் மூடிவிடும். இதற்குப் 'பற்றிப் படர்தல்' என்பது சரியாக இருக்கும்.

துண்டுக்கு என்ன சொல்? மான்கொம்புப் பவளம் கிளை விடும் இனம், முருங்கைக்குச் சொல்வதுபோல் அதற்குப் போத்து என்றே சொல்லலாம். மூளைப் பவளம் போன்ற பாறை வடிவ இனங்களுக்கு அது ஒத்துவராது. அவற்றை ரம்பத்தால் சுமார் 1 சதுர செ.மீ. அளவுக்கு அறுக்கிறார்கள், அப்படி அறுபட்டவை முழுக் கூட்டமாக இருந்ததைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுகின்றன, ஒரே தாயின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்தும்விடுகின்றன. இவற்றுக்குச் 'சில்லு' என்று வைக்கலாமா? 'ஒட்டு' என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஒட்டு என்றால் இரண்டு வேறு செடிகள் சேர்வதுதான் நினைவுக்கு வரும்.

அப்புறம், நடவை மீட்புக்கு ஈடான சொல்லாகப் புழங்கவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2023இல் ஃபுளோரிடாக் கடல் கொதித்தபோது, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு நட்ட மான்கொம்புப் பவளங்கள் ஏராளமாக வெளிறிச் செத்தன, நாற்றங்காலில் இருந்தவற்றை அவசர அவசரமாக ஆழத்துக்கும் கரைத் தொட்டிகளுக்கும் மாற்ற வேண்டியிருந்தது. திட்டு மீட்பு என்றால் வெப்பம், கழிவு, மிகை மீன்பிடி எல்லாம் உள்ளே வரும். நடவு அதில் ஒரு பகுதி மட்டுமே.

விட்டுப்போனது ஒன்று: முட்டையும் விந்தும் ஒருசேர வெளிப்படும் இரவுகளில் அவற்றைச் சேகரித்து, கருவுறச் செய்து, இளவுயிரிகளைத் திட்டின்மேல் விடும் முறை. போத்து நட்டால் எல்லாம் தாயின் மறுபடிவம், இதில் மரபணுக்கள் கலந்து வருகின்றன. ஆகவே தனிப் பெயர் வேண்டும். பவள விதைப்பு என்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.