போன் கலண்டரை விட்டுக் கொப்பிக்கு மாறுறது எப்படி?

நிலாவெளிபஸ்:
வணக்கம். திருகோணமலை வளாகத்தில இரண்டாம் வருடம். இப்ப எல்லாம் கூகுள் கலண்டரிலயும் கூகுள் டாஸ்க்ஸிலயும்தான் கிடக்கு: விரிவுரை நேரசூசி, அசைன்மென்ட் திகதிகள், கிழமைக்கு மூண்டு பின்னேரம் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளைகளுக்கு எடுக்கிற கணித வகுப்பு. நோட்டிபிகேஷன் வந்தாத் தட்டி விலக்கிறதோட சரி. போனைத் திறந்தா வாட்ஸ்அப்பில போய் நிக்குது. அதால கொப்பிக்கு மாறப் பார்க்கிறன்.

திகதி போட்ட டயறி வாங்கிறதா, வெறுங் கொப்பியா? கலண்டரில கிடக்கிறதெல்லாத்தையும் திருப்பி எழுதணுமா? விரிவுரை ரத்து, நேரமாற்றம் எல்லாம் குறூப்பில ராவிலதான் வரும், தாளில அதை என்ன செய்யிறது?

தாள்பேனை:
டயறி தையில தொடங்கி மார்கழியில முடியும், செமஸ்டர் அப்படி ஓடாது. போயாவும் (பௌர்ணமி விடுமுறை) அரச விடுமுறையும் அச்சடிச்சு வாறது மட்டும்தான் லாபம். நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டயறி மாணவருக்குச் சரிவராது. கிழமை முழுக்க ஒரே பார்வையில தெரியோணும்.

ஏ5 அளவில கோடு போட்ட கொப்பி எடுங்க. சீ.ஆர். எண்ட பெரிய மட்டைக் கொப்பி பைக்குப் பாரம், கடைசியில அறையிலயே கிடக்கும். நடுவில தைச்சதோ ஸ்பைரலோ நல்லம். பசை மட்டும் போட்டு ஒட்டினது விரிச்சு வைச்சாத் தானா மூடும்.

விரிச்ச இரண்டு பக்கம் ஒரு கிழமை. அடிமட்டம் வைச்சு ஒவ்வொரு பக்கத்தையும் நாலாப் பிரியுங்க: இடப்பக்கம் திங்கள் முதல் வியாழன், வலப்பக்கம் வெள்ளி, சனி, ஞாயிறு, கடைசிக் கட்டம் திகதி இல்லாத வேலைகளுக்கு. ஏ5 உயரம் 210 மில்லிமீற்றர், ஆக நாளுக்கு 5 சென்ரிமீற்றர், 5 அல்லது 6 வரி. காணாது போலத் தெரியும், ஆனா ஒரு நாளில அதுக்கு மேல எழுதினா எப்படியும் செய்து முடியாது.

விரிவுரை 15 கிழமை, ஸ்ரடி லீவும் சோதனையும் சேர்த்து 20 எண்டு வையுங்க, 40 பக்கம். முன்னால 8 பக்கம்: மாதத்துக்கு ஒண்டா ஆறு, பாடவாரியா அசைன்மென்ட் பட்டியலுக்கு ஒண்டு, சும்மா ஒண்டு. 80 பக்கக் கொப்பி தாராளம். நேரசூசியைக் கிழமைக்குக் கிழமை எழுதாதீங்க. அட்டையில ஒருக்கா எழுதி முன்மட்டைக்குள்ள ஒட்டிவிட்டு, மாறினதை மட்டும் கிழமைப் பக்கத்தில போடுங்க.

கனபேர் சறுக்கிற இடம் இது: தாள் கூப்பிடாது. செவ்வாய் ஒப்படைக்க வேண்டியது அந்தக் கிழமையைப் புரட்டேக்கதான் கண்ணில படும், அப்ப ஒரு நாள்தான் மிச்சம். அதால ஒவ்வொரு கெடுவையும் மூண்டு தரம் எழுதுங்க. ஒப்படைப்பு 24 எண்டால், 14இல "தொடங்கு", 21இல "அச்சடி, சுட்டெண் சரிபார்", 24இல "ஒப்படை".

உவர்மலை:
மாத்திற வழியை நான் சொல்லுறன். கணினியில கூகுள் கலண்டரைத் திறந்து, மேல இருக்கிற பல்லுச்சக்கரத்தைத் தட்டி "பிரிண்ட்" போங்க. போன் செயலியில அது இல்ல. பார்வையை "ஷெடியூல்" ஆக்கி, செமஸ்டர் முடிவு வரை திகதி குடுங்க. நேரசூசி தனிக் கலண்டரா இருந்தா முதல்ல அதின்ர பெயருக்குப் பக்கத்தில உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்க, இல்லாட்டி அதே வரி திரும்பத் திரும்ப வந்து தாள் நிறையும். டாஸ்க்ஸில திகதி குடுக்காதது கலண்டரில தெரியாது, அச்சிலயும் வராது. அதைத் தனியாத் திறந்து பார்க்கோணும்.

எல்லாத்தையும் கொண்டு போகாதீங்க. மாதக்கணக்கா தள்ளிப்போட்ட டாஸ்க் கொப்பியிலயும் தள்ளித்தான் போகும், அதை விடுங்க. தாள்பேனை சொன்ன மூண்டு திகதியும் முதல்ல மாதப் பக்கத்துக்கு. கிழமைப் பக்கத்தில இந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் மட்டும். மிச்சத்தை ஞாயிறுக்கு ஞாயிறு 20 நிமிசம் இருந்து இறக்கலாம்.

குறூப்பில வாற மாற்றம் பென்சிலில. ரத்தானதை அழிக்காம ஒரு கோடு கீறி, அம்புக்குறி போட்டு புதுத் திகதியைப் பக்கத்தில எழுதுங்க, அந்த நாளிலயும் எழுதுங்க. அழிச்சா, பிறகு வரவு பார்க்கேக்க அந்த விரிவுரை நடந்ததா இல்லையா எண்டு தடம் இராது.

நிலாவெளிபஸ்:
நன்றி அண்ணாமார். அப்ப போன் நோட்டிபிகேஷனை முழுக்க நிப்பாட்டட்டா?

கடற்கரைவீதி:
முழுக்க வேண்டாம் தம்பி. மணி தவறினா மீட்க ஏலாததுகள் போனில இருக்கட்டும்: சோதனை, வைவா (வாய்மொழிச் சோதனை), இணையப் பதிவு மூடுற நேரம். அதையும் கலண்டரில போடாம அலாரத்தில வையுங்கோ. கலண்டரையும் வைச்சிருந்தா ஒண்டில மாத்தினது மற்றதில மாறாமக் கிடக்கும், எது சரி எண்டு பிறகு குழம்பும்.

தாள்பேனையோட ஒரு இடத்தில ஒத்துவரேல்ல. பின்னேர வகுப்பு எடுக்கிறவருக்கு வெறுங் கட்டம் காணாது. கட்டத்தின்ர இடது ஓரத்தில 8, 12, 4, 8 எண்டு மணியைச் சின்னதா எழுதினாத்தான் எந்த இடைவெளி படிக்கக் கிடைக்குது எண்டு தெரியும்.

மாரியை ஒருத்தரும் சொல்லேல்ல. ஐப்பசிக்குப் பிறகு நிலாவெளி ரோட்டில பஸ்ஸுக்கு நிண்டாப் பை நனையும். மலிவு ஜெல் பேனை தண்ணி பட்டா ஊறி அடுத்த பக்கத்துக்கும் போகும். சாதாரண போல்பொயின்ற் எண்ணெய் மை, அது நிக்கும், பென்சிலும் நிக்கும். கொப்பியை சிப் வைச்ச பிளாஸ்ரிக் உறையில போடுங்கோ. நனைஞ்சா வெயிலில விரிக்காதேங்கோ, தாள் அலையலையாகி மூடாது. பக்கங்களுக்கிடையில பேப்பர் தாள் வைச்சு, மேல பாரம் ஏத்தி, ஈரமானதை மாத்தி மாத்தி வையுங்கோ.

ஞாயிறு எழுதி முடிச்ச கையோட கிழமைப் பக்கத்தையும் மாதப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கோ. கொப்பி தொலைஞ்சா அதுதான் மிஞ்சும்.

நிலாவெளிபஸ்:
கோடு கீறப் பஞ்சி. கணினியில அடிச்சு ஸ்பைரல் போடலாமா?

தாள்பேனை:
போடலாம். கடையில ஏ5 தாள் இல்லாட்டி ஏ4ஐ நடுவால வெட்டினாச் சரி. முதல் பக்கத்தை நேரசூசிக்கு விடுங்க. திங்கள்–வியாழன் இரட்டைப்படைப் பக்கத்திலயும், வெள்ளி–ஞாயிறு அடுத்த ஒற்றைப்படையிலயும் வரோணும். முதல் பக்கத்திலயே திங்களைத் தொடங்கினா ஒரு கிழமை ஒரே தாளின்ர முன்னும் பின்னுமாப் போயிடும். இரண்டு பக்கமும் அடிக்கேக்க நீள விளிம்பில திருப்பச் சொல்லுங்க, இல்லாட்டி பின்பக்கம் தலைகீழா நிக்கும். துளைக்கு 15 மில்லிமீற்றர் விடுங்க, ஒற்றைப்படையில இடம், இரட்டைப்படையில வலம். பீ.டி.எஃப். ஆக்கிக் குடுங்க, வேர்ட் கோப்பு அவங்கட கணினியில எழுத்துரு மாறி கட்டத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். முதல்ல இரண்டு தாள் மட்டும் அடிப்பிச்சு, சேர்த்து வைச்சுப் புரட்டிப் பார்த்திட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்க.