புதுப்பிப்பு: முன்கதவுத் தாழ்ப்பாளுக்கு நீள ஸ்க்ரூ

தாழ்ப்பாளோடு வரும் அரை அங்குல ஸ்க்ரூவை எடுத்துவிட்டு 2 அங்குலம் போடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: 2 அங்குலம், கதவு நிலையில் (சட்டத்தில்) இருக்கும் கொண்டிக்கு மட்டும்தான். கதவை உதைத்தால் முதலில் பெயர்வது அதுதான். கதவுப் பலகை பெரும்பாலும் 30–35 மி.மீ. கனம், அங்கே 1 அங்குலம் போதும், 2 போட்டால் முனை வெளியே துருத்தும்.

8-ஆம் நம்பர் (சுமார் 4 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. டிரில் பிட்டால் ஸ்க்ரூ இறங்கும் ஆழம் முழுவதும் துளை போடுங்கள். துளை போடாமல் முடுக்கினால் தேக்கு பிளக்கும். மரையில் சோப்புத் தேய்த்துக் கையால் முடுக்குங்கள். பித்தளை வேண்டவே வேண்டாம், கழுத்தில் முறியும். பழைய துளை தளர்ந்திருந்தால் ஃபெவிகால் தடவிய மரக்குச்சியை அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிதாகத் துளையுங்கள்.

இரவில் உள்ளே பூட்டும் போடுபவர்கள் சாவியைக் கதவருகிலேயே மாட்டுங்கள். தீப்பிடித்தால் புகையில் தேட முடியாது.