தெவசத்தன்று மாடியில் பிரியாணி

உறையூர்க்காரி:
அவர் போய் 4 வருஷம். கொள்ளி வைத்த மகன் அடுத்த வருஷமே ஞானஸ்நானம் வாங்கிவிட்டான். போன வாரம் திதி. கொழுந்தனார்தான் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணியும் இறைத்தார். வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடையோடு இலை போட்டுக் கூப்பிட்டால், "படைச்சதச் சாப்பிட மாட்டேம்மா" என்று மாடிக்குப் போய்விட்டான். அரை மணி நேரத்தில் வாசலில் பிரியாணிப் பொட்டலம். தெவச வீட்டில்! கேட்டதற்கு, குலதெய்வத்தையே பிசாசு என்றான். வீடு என் பேரில் இருக்கிறது, மகளுக்கு எழுதிவிடலாமா? மதம் மாறியவனுக்குச் சொத்தே கிடையாதாமே?

ரிட்டயர்டு வாத்தியார்:
எழுதிவிடுங்கள் தங்கச்சி. தகப்பனுக்கு எள்ளுத்தண்ணி இறைக்காதவனுக்கு வீடு மட்டும் எதற்கு?

பத்திர ஆபீஸ் வாசல்:
வாத்தியாரே, கோபம் வேறு, சட்டம் வேறு. மதம் மாறினால் வாரிசுரிமை போகாது. அது 1850-லேயே சட்டமாகிவிட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆவது பிரிவு தடுப்பது, மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள் இந்து உறவினரிடமிருந்து வாரிசாக வருவதைத்தான். அம்மா, உங்கள் சொந்த வீட்டை யாருக்கும் எழுதலாம். ஆனால் இப்போதே பேர் மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் வேண்டாம், உயிலாக எழுதுங்கள். மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மென்ட்தான் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். மகளாகவே இருந்தாலும். கைவிட்டால் 2007 முதியோர் சட்டம் 23ஆவது பிரிவில் ரத்து கேட்கலாம்.

ஞாயிறு காலை:
நானும் உங்கள் மகன் மாதிரி மாறியவன்தான். பிரியாணி தப்பு, பிசாசு என்றது அதைவிடத் தப்பு. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதும் அதே வேதம்தான். ஆனால் படைத்ததைச் சாப்பிடாதது திமிர் இல்லை அம்மா. 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில், இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் புசிக்க வேண்டாம் என்று இருக்கிறது.

ரிட்டயர்டு வாத்தியார்:
அப்போ சொல்லாமல் இலை போட்டால் சாப்பிடலாமா?

ஞாயிறு காலை:
விசாரிக்காமல் சாப்பிடு என்றும் அங்கேயே இருக்கிறது சார். ஆனால் தெவச வீட்டில் தலைவாழை இலையைப் போட்டுவிட்டு யாரை ஏமாற்றுவது? அம்மா, அவர் ஏன் மாறினார்?

உறையூர்க்காரி:
மருமகளுக்கு ரெண்டு தரம் கரு கலைந்தது. அப்போது ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். பேத்திக்கு இப்போது ஒன்றரை வயசு. ஜெபத்தில் கிடைத்த பிள்ளை என்கிறான். நான் சமயபுரத்தாளுக்கு 28 நாள் பச்சைப் பட்டினி இருந்து, மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டது யார் கணக்கில் சேரும்? முடியைத் தொடவே விடமாட்டேன் என்கிறான்.

பத்திர ஆபீஸ் வாசல்:
வேண்டிக்கொண்டது நீங்கள். பிள்ளை அவர்களுடையது.

ரிட்டயர்டு வாத்தியார்:
பாட்டிக்கு அந்த உரிமைகூட இல்லையா? இதைக் கேட்கத்தான் பெற்று வளர்த்தாளா?

ஞாயிறு காலை:
உரிமை இருக்கிறது சார், பிடிவாதம் வேண்டாம் என்கிறேன். தெவசத்துக்கு வராமலே இருந்திருக்கலாமே அவர்? சென்னையிலிருந்து லீவு போட்டு வந்தாரே.

உறையூர்க்காரி:
நேற்று போன் செய்தான். பிரியாணிக்கு மன்னிப்புக் கேட்டான், பிசாசுக்குக் கேட்கவில்லை. "அடுத்த தடவை படைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தனியா எடுத்து வைம்மா, கூட உக்காந்து சாப்பிடுறேன்" என்றான். அதெப்படி முடியும்? படைக்கும் முன்னால் நாங்கள் உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டோம்.

ரிட்டயர்டு வாத்தியார்:
கூடவே கூடாது.

உறையூர்க்காரி:
மாடியில் இண்டக்‌ஷன் அடுப்பு சும்மாதான் கிடக்கிறது. அவனுக்கு நாலு வடையை அங்கே தனியாகச் சுட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். மாவு ஒன்றுதானே என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.